பாட்டு கேட்க விமானம் ஏறும் இருவருக்கு: கேள்வி பதில்

ஒரே நண்பன், ஒரே இசைக்குழு (பேண்ட்), பதினொரு வெளிநாட்டுப் பயணம். அதில் ஒன்பது முறைதான் கச்சேரி பார்த்தேன். மற்ற இரண்டில் என்ன ஆனது என்பது பதில்களுக்கு நடுவே வந்துவிடும். டிக்கெட், விசா, நிற்கிற இடம், காது, கூட வருகிற ஆள் என்று எதைப் பற்றியும் கேளுங்கள். எந்த பேண்ட் பெரியது என்று மட்டும் கேட்க வேண்டாம்.

கேள்வி: நானும் என் தோழியும் முதல் தடவை போகிறோம். எதை முதலில் வாங்குவது? விமான டிக்கெட் இப்போது மலிவாக இருக்கிறது.

பதில்: கச்சேரி டிக்கெட் கைக்கு வராமல் விமானத்தைத் தொடாதீர்கள். தங்கும் அறைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தேதி அறிவித்த அன்றே, பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போட்டு வையுங்கள். நாள் ஆக ஆக வாடகை ஏறத்தான் செய்யும்.

விற்பனை நேரம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் கச்சேரி நடக்கும் ஊரின் நேரம். மனக்கணக்கு வேண்டாம், போன் கடிகாரத்தில் அந்த ஊரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கோடைகாலத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகிவிடும். கணக்குப் போட்டு வைத்தவர்கள் கோட்டைவிடுவது அந்த வாரங்களில்தான்.

இருவராகப் போவதால் இன்னொன்று. விற்பனைக்கு முந்தின இரவு உட்கார்ந்து மூன்று விஷயம் பேசி முடியுங்கள்: எவ்வளவு விலை வரை போகலாம், இந்த நாள் கிடைக்காவிட்டால் எந்த நாள், ஒரே ஒரு டிக்கெட் கிடைத்தால் வாங்குவதா வேண்டாமா. பிரிந்திருந்த ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் பேண்ட் மறுபடி சேர்ந்தபோது 2024 ஆகஸ்ட் 31 அன்று விற்பனை. நின்றபடி பார்க்கும் டிக்கெட் 150 பவுண்டுக்குள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மணிக்கணக்கில் ஆன்லைன் வரிசையில் இருந்து உள்ளே போன பலருக்குத் திரையில் வந்தது 355 பவுண்டு. நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது தோழிக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டார், அவரும் அதே வரிசையில்தான் இருப்பார்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டம். ஒற்றை டிக்கெட் வாங்குவதில்லை என்று நானும் நண்பனும் முதல் வருடமே பேசிக்கொண்டோம். ஒரு தடவை ஒற்றை டிக்கெட் என் கண் முன்னால் வந்தது, நல்ல இடம். மூடிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

கேள்வி: இரண்டு ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இரண்டு கச்சேரி. எந்த நாட்டுத் தூதரகத்தில் விசா கேட்பது?

பதில்: எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடம் உண்டு. ஆக, கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கச்சேரி டிக்கெட் நகலையும் விண்ணப்பத்தோடு வையுங்கள், போகும் காரணத்தை அதுவே சொல்லிவிடும்.

நண்பர்கள் சேர்ந்து கொடுத்தாலும் விண்ணப்பங்கள் தனித்தனிதான். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். அதையும் முன்பே பேசுங்கள்.

கேள்வி: காலை 6 மணிக்கு இறங்குகிறோம், மாலை 7 மணிக்குக் கச்சேரி. பதின்மூன்று மணி நேரம் போதும்தானே?

பதில்: போதாது. கச்சேரி அன்றைக்கு இறங்காதீர்கள். முந்தின நாள் இறங்குங்கள், முடிந்தால் இரண்டு நாள் முன்னால். இது என் பாட்டின் பல்லவி, இன்னும் பல முறை வரும்.

நான் இழந்த இரண்டு கச்சேரிகளில் ஒன்று இப்படிப் போனதுதான். பனிமூட்டம், விமானம் வேறு ஊரில் இறங்கியது, நாங்கள் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது எதிரே கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. புது டீ-சர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போனார்கள். நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில்.

இரண்டாவது இன்னும் அசிங்கம். விமானம் 14ஆம் தேதி 00.20. நாங்கள் 14ஆம் தேதி இரவு பத்து மணிக்கு ஜம்மென்று போய் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. தாளை எங்கள் பக்கம் திருப்பி, தேதிக்கு அடியில் பேனா முனையை வைத்தார். அவ்வளவுதான். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம் என்றால் முந்தின தேதி இரவே கிளம்புங்கள்.

கேள்வி: சமூக வலைத்தளத்தில் ஒருவர் இரண்டு டிக்கெட் இருக்கிறது, பாதிப் பணம் முன்னால் அனுப்பு என்கிறார். நம்பலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: எனக்கும் அதே போல ஒருவர் எழுதினார். அவர் அடையாள அட்டையே அனுப்பினார்.

பதில்: அது அவருடைய அட்டையாக இருக்காது. விற்பனை செய்த நிறுவனமே நடத்தும் மறுவிற்பனைப் பக்கம் இருந்தால் அங்கே மட்டும் பாருங்கள். கச்சேரிக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் அங்கே டிக்கெட் வந்து விழும், மேடை கட்டி முடித்த பிறகு கூடுதல் இருக்கைகளைத் திறந்துவிடுவதும் உண்டு. அயர்லாந்தில் 2021 சட்டப்படி குறிப்பிட்ட அரங்குகளுக்கான டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதே குற்றம். ஜப்பானில் 2019 ஜூனிலிருந்து சட்டம் இருக்கிறது, ஓராண்டு சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். அங்கே பெரிய கச்சேரிகளுக்குக் குலுக்கல் முறையில்தான் பெரும்பாலும் டிக்கெட், வாசலில் பெயரைச் சரிபார்க்கவும் செய்வார்கள்.

கேள்வி: டிக்கெட் போனில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழனுக்கு அனுப்பினால் போதுமா?

பதில்: பல இடங்களில் பட்டைக்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறும்படி செய்துவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஆப்பிலேயே அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை ஒட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும். அந்த ஆப் உங்கள் நாட்டில் இறங்குகிறதா என்று இப்போதே பாருங்கள். ஓடிபி வீட்டு எண்ணுக்குத்தான் வரும், ஆகவே அந்த சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள், ரோமிங்கில் எஸ்எம்எஸ் வரட்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணிக்குள், அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். பெரிய பையோடு அரங்குக்குப் போகாதீர்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் ஏ4 தாள் அளவுதான், அமெரிக்க ஸ்டேடியங்களில் உள்ளே இருப்பது தெரிகிற பை கேட்பார்கள்.

கேள்வி: நிற்கும் டிக்கெட் வாங்கிவிட்டோம். எங்கே நின்றால் நல்லது?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒலியைக் கலக்கும் மிக்ஸர் மேசைக்கு முன்னால், நடுக்கோட்டில்.

காரணம் எளிது. ஒலிப் பொறியாளர் அந்த மேசையில் உட்கார்ந்து தன் காதுக்கு எது சரியாக வருகிறதோ அதைத்தான் கலக்குகிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதையே நீங்கள் கேட்பீர்கள். மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியில் நின்றால் நிலைமை வேறு. பெரிய ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலே தொங்கி, உங்களைத் தாண்டிப் பின்னால் பாடிக்கொண்டிருக்கும். உங்களுக்கென்று மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் சில வைத்திருப்பார்கள். டிரம்ஸும் ஆம்ப் என்ற கிடார் ஒலிபெருக்கியும் மேடையிலிருந்து நேராக வந்து அடிக்கும், பாட்டு வரி அதில் அமுங்கிவிடும்.

ரொம்பப் பின்னால் போனாலும் வம்பு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் டிரம் குச்சி விழுவதைப் பார்த்து கால் நொடிக்கும் அதிகமாகக் கழித்துத்தான் அடி கேட்கும். பின்னால் நடப்படும் கோபுர ஸ்பீக்கர்களையும் வேண்டுமென்றே அந்த அளவு தாமதப்படுத்தித்தான் ஒலிக்க விடுவார்கள், இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு முறை கேட்கும். ஒரு முறை மேல் வரிசையில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி எல்லாரும் திரையைப் பார்த்துக் கை தட்டினார்கள், பாட்டுக்கு முன்னாலேயே கை தட்டல் முடிந்தது.

கேள்வி: அண்ணா, இதற்கு வீட்டிலேயே ஹெட்போன் போட்டுக் கேட்கலாமே! நானும் என் தங்கையும் விடிகாலையில் வரிசையில் நின்று கம்பியைப் பிடித்தவர்கள். பாடகர் எங்களைப் பார்த்தார்.

பதில்: பார்த்திருப்பார். விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு முன் வரிசை மட்டும்தான் தெரியும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று, கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களை, மூன்றாவது பாட்டு வரும்போதே காவலர் தூக்கி வெளியே விடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். கம்பியிலிருந்துதான் பெடல் தெரியும். கம்பிக் கட்சி.

பதில்: மேடை உயரமாக இருந்தால் கம்பியிலிருந்து உங்களுக்குத் தெரிவது சிம்பலும் ஒரு தலையும்தான். பெடல் பார்க்கப் பக்கவாட்டு இருக்கை வாங்குங்கள்.

கேள்வி: மிக்ஸர் கட்சிக்கு ஒரு ஓட்டு. ஆனால் பேஸ் (அந்தக் கனத்த கீழ் ஒலி) மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

பதில்: நல்ல கேள்வி. இடது வலது இரண்டு பக்கமும் பேஸ் ஸ்பீக்கர்களைக் குவித்தால் இரண்டு அலையும் நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து கூடும், அங்கே நெஞ்சு அதிரும். சில அடி நகர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் வரும். அதனால்தான் நடுக்கோடு என்றேன். மேசைக்குப் பக்கத்தில் நாலடி இப்படி அப்படி நடந்து பாருங்கள், உங்களுக்கே பிடிபடும்.

கேள்வி: காது பற்றி ஒரு வார்த்தை?

பதில்: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பு சராசரியாக 100. கச்சேரி இரண்டு மணி நேரம். கழித்துப் பாருங்கள். இசைக்கலைஞர்கள் போடும் வகை இயர்ப்ளக் வாங்குங்கள், பஞ்சு மாதிரி இருப்பது மேல் சுருதியை விழுங்கிவிடும்.

கேள்வி: மதியம் 12க்கு இறங்குகிறோம், அரங்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான்...

பதில்: முந்தின நாள்.

கேள்வி: இவ்வளவு செலவு செய்து போய், கச்சேரியே ரத்தானால்?

பதில்: நடக்கிறதுதான். 2009 ஆகஸ்டில் பாரீஸில் ஒயாசிஸ் மேடை ஏற வேண்டிய நேரத்தில் அந்த பேண்டின் அண்ணன் தம்பிக்குள் சண்டை, அன்றோடு பேண்டே முடிந்தது. 2024 ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று இரவுகள், தாக்குதல் சதி அம்பலமானதால் முதல் கச்சேரிக்கு முந்தின நாள் ரத்து. டிக்கெட் பணம் திரும்பி வந்தது, விமானத்துக்கும் அறைக்கும் யார் தருவார்? கச்சேரி ரத்தானால் செலவைத் தருமா என்பதைக் காப்பீட்டுப் பத்திரத்தில் தேடிப் படியுங்கள். பலவற்றில் இருக்காது.

வியன்னாவில் இன்னொன்று நடந்தது. ஸ்விஃப்டின் பாட்டு ஒன்றின் பெயரை ஒத்த கார்னேலியஸ்காஸே என்ற தெருவில் ரசிகர்கள் கூடி, கைவளைகளை மரத்தில் கட்டிவிட்டுப் பாடினார்கள். எங்கள் பனிமூட்ட இரவில் அப்படி ஒரு கூட்டத்தைக்கூட நாங்கள் பிடிக்கவில்லை.

கேள்வி: ஒரே ஊரில் இரண்டு இரவு. இரண்டும் பார்க்க வேண்டுமா?

பதில்: பேண்டைப் பொறுத்தது. மெட்டாலிகா 2023இல் தொடங்கிய எம்72 பயணத்தில் ஒரே ஊரில் இரண்டு இரவு வாசித்தால் ஒரு பாட்டும் திரும்ப வராது என்று அறிவித்தே செய்தார்கள். அப்படியென்றால் இரண்டும். மற்றபடி முந்தின ஊர்களின் பாட்டு வரிசையைப் பாருங்கள், அச்சு மாறாமல் இருந்தால் ஒன்று போதும்.

கேள்வி: கடைசி ரயில் 11.40. கச்சேரி முடிந்து பிடித்துவிடலாமா?

பதில்: முடிகிற நேரம் பற்றிக் கவலை வேண்டாம், பல ஊர்களில் கச்சேரியை முடிக்க வேண்டிய நேரம் கறார். 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் பாடகர்கள் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி முடித்து, கூட்டத்துக்கு நன்றி சொல்வதற்குள் மைக்கை அணைத்தார்கள். கவலை வாசலில். லண்டன் வெம்ப்லி ஸ்டேடியம் மாதிரி 90,000 பேர் கொள்ளும் இடத்தில் ரயில் நிலைய வாசலுக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். கூட்டத்தில் போன் வேலை செய்யாது, பிரிந்தால் சந்திக்க ஒரு இடத்தைப் பகலிலேயே நேரில் போய்ப் பார்த்து வையுங்கள். வாசல் எண் சொன்னால் போதாது, எந்த விளக்குக் கம்பம் என்பதுவரை.

கேள்வி: கம்பிக் கட்சியிலிருந்து கடைசியாக ஒன்று. பதினொரு பயணம் என்கிறீர்களே, உங்கள் நண்பர் எங்கே நிற்பார்?

பதில்: கம்பியில். அடுத்த கேள்வி.

கேள்வி: சார், மேலே படிக்க நேரமில்லை. கச்சேரி இரவு 8.30க்கு, நாங்கள் மாலை 4க்கு இறங்குகிறோம். கைப்பை மட்டும்தான், பெட்டி கிடையாது. பரவாயில்லையா?

பதில்: முந்தின நாள்.