பக்கத்துத் தெரு வரை வந்த ஃபைபர், எங்கள் வீட்டுக்கு எப்போது?

வாசகர் கேள்வி – பதில்

ஃபைபர் இணைய இணைப்புக்காகக் காத்திருப்பவர்களும், வந்தபின் சிரமப்படுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பக்கத்துத் தெருவில் ஃபைபர் வந்து பல மாதம் ஆகிறது. எங்கள் தெருவுக்குக் கேட்டால் ‘ஃபீசிபிலிட்டி இல்லை’ (இணைப்பு தர வாய்ப்பில்லை) என்ற ஒரே பதில்தான். 200 மீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு என்ன தடை?
– வாசகி, மடிப்பாக்கம்

‘ஃபீசிபிலிட்டி இல்லை’ என்று சொல்லிவிட்டால் அதோடு விடாதீர்கள். போர்ட் (இணைப்பு வாய்) இல்லையா, ஒளி போதவில்லையா, கேபிள் வர வழி இல்லையா என்று கேளுங்கள். மூன்றில் எது என்று தெரிந்தால்தான் அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்ய முடியும்.

நிறுவனத்தின் அறையில் ஓஎல்டி என்ற கருவி இருக்கும். அதன் ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் ஒரே ஒரு ஃபைபர் இழை கிளம்பும். வழியில் ஸ்பிளிட்டர் அதை எட்டாகப் பிரிக்கும். தெருமுனைக் கம்பத்தில் நோட்டுப் புத்தக அளவில் ஒரு பெட்டி தொங்குகிறதே, அதற்குள் உள்ள இன்னொரு ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றையும் மறுபடி எட்டாக்கும். ஆக, ஒரு போர்ட்டை 64 வீடுகள் பகிர்கின்றன. உங்கள் பகுதிக்கான பெட்டியில் எட்டு வாயும் நிரம்பிவிட்டால் ‘போர்ட் இல்லை’. புதுப் பெட்டி வைத்தால் தீரும் பிரச்சினை இது. நிறுவனத்துக்குச் செலவு, அவ்வளவுதான்.

அடுத்தது ஒளி. ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் அளவில் ஒளி கிளம்புகிறது என்று வையுங்கள் (ஒளியின் வலிமையை டிபிஎம்மிலும் இழப்பை டெசிபெலிலும் சொல்வார்கள்). 3 கிலோமீட்டர் ஃபைபரில் சுமார் 1 டெசிபெல் இழப்பு. 1:8 ஸ்பிளிட்டர் ஒன்றுக்கு 10.5 வீதம் இரண்டுக்கும் 21. வழியில் பத்து ஸ்பிளைஸ் (இரண்டு இழைகளை ஒட்டிய இடம்) இருந்தால் தலா 0.1 வீதம் 1. நான்கு கனெக்டருக்கு 2. மொத்தம் 25 டெசிபெல். வீட்டுக்கு வந்து சேர்வது மைனஸ் 22. இப்படி ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறைக்கு ஜிபான் என்று பெயர். அதில் பரவலாகப் பயன்படும் பி-பிளஸ் வகையில் மொத்த இழப்பு 28 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக் கருவி மைனஸ் 27 வரை தாங்கும். இதில் 200 மீட்டர் கூடுதல் கேபிளால் இழப்பு 0.07 டெசிபெல்தான். எனவே உங்கள் விஷயத்தில் தூரம் காரணமாக இருக்க வாய்ப்பே குறைவு.

நிரம்பிய பெட்டியில் அவசரத்துக்கு ஒரு 1:2 ஸ்பிளிட்டரைச் செருகி இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மட்டும் 3.5 டெசிபெல் தின்னும். மொத்தம் 28.5 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். முதல் நாள் வேலை செய்யும். கனெக்டரில் கொஞ்சம் தூசி படிந்தாலே லைன் போய்ப் போய் வரும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே கதிதான்.

மூன்றாவது காரணம் வழி. நடைமுறையில் இதுதான் பெரும் முட்டுக்கட்டை. சென்னையின் பழைய பகுதிகளில் மின்சாரம் பெரும்பாலும் நிலத்தடியில் போவதால் கேபிள் கட்ட இபி கம்பமே இருக்காது. தெருவிளக்குக் கம்பம் மாநகராட்சியுடையது. இபி கம்பம் மின்வாரியத்துடையது. அனுமதியில்லாமல் கட்டிய கேபிளை அறுத்துப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. சாலையை வெட்டிப் பதிக்கலாம் என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரோடு கட்டிங்குக்குத் தடை போடுவது மாநகராட்சியின் வழக்கம். அந்த மாதங்களில் கேட்டால் ‘மழைக்குப் பிறகு’ என்றுதான் பதில் வரும். மிச்சமிருப்பது மொட்டை மாடி வழி. இடையில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டியது இது: தெருவில் விருப்பம் உள்ள எட்டு வீட்டையாவது சேருங்கள். கதவு எண், பெயர், மாடி வழியாகக் கேபிள் போகச் சம்மதமா என்பதை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். எட்டு வீடு என்றால் ஒரு பெட்டி முழுதாக விற்றுவிடும். நிறுவனத்தின் கணக்குக்கு அது போதும். கால் சென்டருக்கு அனுப்பிப் பயனில்லை. உங்கள் பகுதியில் அந்த நிறுவனத்துக்கு வேலை செய்யும் பார்ட்னர், அதாவது பெரும்பாலும் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் கையில் நேரில் கொடுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரும் பல இடங்களில் இப்படிப்பட்ட பார்ட்னர்கள் மூலம்தான் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டியும் வேறு வேறு கம்பத்தில் இருக்கும். ஒருவர் இல்லை என்ற இடத்தில் இன்னொருவருக்கு இரண்டு போர்ட் காலியாக இருக்கலாம்.

கிராமங்களுக்கெல்லாம் அரசு ஃபைபர் போடுகிறது. மாநகராட்சி எல்லையில் இருக்கும் எங்களுக்கு ஏன் இல்லை?
– வாசகர், ஆவடி

நீங்கள் சொல்வது மத்திய அரசின் பாரத்நெட் திட்டம். 2011-ல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் இலக்கு கிராம ஊராட்சிகள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. நகர வீடுகள் அதன் கணக்கில் இல்லை. அவை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வியாபாரத்துக்கு விடப்பட்டவை. லாபம் தெரியும் தெருவுக்கு முதலில் வருவார்கள். இது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்தும். ஆனால் இத்திட்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

40 வீடுகள் உள்ள அடுக்குமாடி. ஒரு நிறுவனம் ‘எங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் கேபிள் இலவசம்’ என்கிறது. கொடுக்கலாமா? கேபிளை எப்படிக் கொண்டுபோவது?
– சங்கச் செயலாளர், கோவை

கொடுக்காதீர்கள். நாளை அவர்கள் சேவை மோசமானால் 40 வீடும் மாட்டிக்கொள்ளும். பாதையைச் சங்கமே போட்டுவிட்டு, வருகிற நிறுவனத்தையெல்லாம் அதில் விடுவதுதான் நல்லது. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு மதிப்பீடு தரும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்திருக்கிறது. வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் இது பேச்சுக்கு வரும்.

தரைத்தளத்தில் மழைநீர் படாத, பூட்டக்கூடிய ஓரிடம் ஒதுக்குங்கள். மூன்று நான்கு நிறுவனங்களின் பெட்டிகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம். அங்கிருந்து ஷாஃப்ட் வழியே மேல்மாடி வரை தனியாக இரண்டு பைப், ஒவ்வொரு தளத்திலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதிலிருந்து வீட்டுக்கு 25 மில்லிமீட்டர் பிவிசி பைப். எல்லாப் பைப்பிலும் நைலான் கயிறு ஒன்றை இழுத்து வைத்துவிடுங்கள். பின்னால் வருபவருக்குச் சுவரை உடைக்கும் வேலை மிச்சம். ‘எல்’ வளைவு வேண்டாம். நீள வளைவு பெண்டு போடச் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக்கல் பைப்பில் ஃபைபரை இழுக்க அனுமதிக்காதீர்கள். ஃபைபரில் மின்சாரம் பாயாதே என்பார்கள். கண்ணாடி இழையில் பாயாது, உண்மைதான். ஆனால் கம்பத்திலிருந்து வரும் தட்டையான டிராப் கேபிளில் தாங்குவதற்கு ஓர் எஃகுக் கம்பி இருக்கும், அதில் பாயும். கட்டடத்துக்குள் எஃகு இல்லாத எஃப்ஆர்பி வகை கேபிளையே கேளுங்கள்.

‘ஃபைபர் கனெக்ஷன்’ என்று பணம் வாங்கினார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்திருப்பது தடித்த நீலநிற வயர். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், மதுரை

அது லேன் கேபிள். ஃபைபர் உங்கள் கட்டடத்தின் மாடி வரை, அல்லது பக்கத்துக் கட்டடம் வரை வந்து, அங்குள்ள சுவிட்சிலிருந்து (ஒரே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் நெட்வொர்க் கருவி) செம்பில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. நிஜ ஃபைபர் என்றால் உள்ளே வரும் கேபிள் மெலிதாக இருக்கும்; முனையில் பெரும்பாலும் பச்சைநிறச் சதுர கனெக்டர்; அது போய்ச் சேரும் கருவியில் பான், லாஸ் என்று இரண்டு விளக்குகள்.

லேன் கேபிளில் 100 மீட்டர் வரை நல்ல வேகம் கிடைக்கும். எனவே வேகத்தை மட்டும் பார்த்தால் குறை தெரியாது. சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, சுவிட்சுக்கு மின்சாரம் வேண்டும். அந்தக் கட்டடத்தில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போகும். இரண்டு, இடி மின்னல். வெயிலில் மொட்டை மாடி வழியே ஓடும் செம்புக் கேபிள் வழியாக மின்னல் அதிர்வு வந்து ரௌட்டரின் போர்ட் கருகிவிடும். 200 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியும் சோதனையில் 94-க்கு மேல் ஏறவே இல்லையென்றால், கேபிளில் உள்ள எட்டுச் செம்புக் கம்பியில் நான்கைத்தான் இணைத்திருக்கிறார்கள் அல்லது சுவிட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் வகை. இரண்டுமே அவர்கள் சரிசெய்து தர வேண்டியவை.

அடுத்த வாரம் ஃபைபர் போட ஆள் வருகிறார். நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, சேலம்

வருபவர் அரை மணியில் முடித்துக் கிளம்பப் பார்ப்பார். நீங்கள் கூடவே நில்லுங்கள்.

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் தாழ்வாகச் சரிந்திருக்க வேண்டும். கேபிள் துளைக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் மழைநீர் கேபிளோடு ஓடி வந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கும். இரண்டு மூன்று மீட்டர் கேபிளைச் சுருட்டி உபரியாக வைக்கச் சொல்லுங்கள். முனை பழுதானால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட அதுதான் உதவும்.

மூலைகளில் மடக்கக் கூடாது. கேபிள் மேலுறையில் ஜி.657ஏ2 என்று அச்சிட்டிருந்தால் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். ஏ1 என்றால் 10 மில்லிமீட்டர். ஜி.652டி என்றால் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கதவிடுக்கில் நசுங்கும்படி விடுவது, ஆணியை அழுத்தி அடிப்பது இரண்டும் வேண்டாம்.

முனையில் கனெக்டர் போடும் இடம் முக்கியம். கையால் அழுத்திப் பூட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் சீக்கிரம் முடியும். நாளடைவில் தளர்ந்து ஒளி குறையும். மெஷினில் வைத்து ஸ்பிளைஸ் செய்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். பச்சை கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வானது, நீலம் அப்படியல்ல. இரண்டையும் சேர்த்துச் செருகினால் உள்ளே போய் உட்காரும், ஆனால் முகம் முகத்தோடு பொருந்தாது. இழப்பு கூடும், ஒளி திரும்பியும் அடிக்கும்.

வேலை முடிந்ததும் வந்து சேரும் ஒளியைப் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 டிபிஎம்முக்கும் மைனஸ் 24-க்கும் இடையே இருந்தால் நிம்மதி. மைனஸ் 25-க்குக் கீழே போனால் ‘நெட் வருதே’ என்ற பதிலை ஏற்காதீர்கள். முனையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். மைனஸ் 8-ஐவிட வலுவாக இருந்தாலும் கருவிக்கு ஆகாது. அளவையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுவர்ப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். பிறகு லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ லைன் விட்டுவிட்டு வந்தாலோ, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தத் தாளை வைத்தே பேசலாம்.

வேகச் சோதனையை முதலில் லேன் கேபிள் செருகிய லேப்டாப்பில் செய்யுங்கள். அங்கே சரியாக இருந்து போனில் குறைந்தால் குறை வைஃபையில். ரௌட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு எச்சரிக்கை: கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யலாம்.

ஃபைபர் வரும்வரை 5ஜி ஏர்ஃபைபர் வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

வாங்கலாம். பெயரில் ஃபைபர் இருந்தாலும் இது செல்போன் டவரிலிருந்து காற்றில் வருவது. மாடியில் ஒரு பெட்டி டவரைப் பார்த்து நிற்கும். அங்கிருந்து வயர் வீட்டுக்குள் வரும். டவருக்கும் பெட்டிக்கும் நடுவே புதுக் கட்டடம் எழும்பினாலோ மரம் தழைத்தாலோ வேகம் விழும்.

முதலில் அதே நிறுவனத்தின் சிம் போட்ட 5ஜி போனை மாடிக்கு எடுத்துப்போய் இரவு 8 முதல் 10 மணிக்குள் சோதியுங்கள். ஊரே நெட் பார்க்கும் நேரம் அது. பொருத்தும்போது சிக்னல் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற அளவைக் கேளுங்கள்: மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நன்று, மைனஸ் 105-க்குக் கீழே போனால் வேண்டாம். மாத டேட்டா வரம்பும், ஃபைபர் வந்ததும் விலகினால் பணம் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ரௌட்டரில் போர்ட் திறந்து சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்கும் பழைய முறை பெரும்பாலும் இதில் நடக்காது. வெளியிலிருந்து உங்கள் ரௌட்டரை நேரடியாக அடைய உதவும் பொது ஐபி முகவரி பெரும்பாலும் தனியாகக் கிடைக்காததே காரணம். ஆப் வழியே பார்க்கும் கேமரா என்றால் சிக்கலில்லை.

முன்பணம் கட்டி மூன்று மாதம் ஆயிற்று. கனெக்ஷனும் இல்லை, பணமும் வரவில்லை.
– வாசகர், தாம்பரம்

போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். குறித்த நாளில் தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2012-ன் டிராய் விதி. அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பணம் திரும்பும் விஷயங்களில் முதலில் முயல வேண்டிய வழி இதுதான். தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது. ‘10,000 எம்ஏஎச்’ மினி யுபிஎஸ் வாங்கினால் எவ்வளவு நேரம் வரும்?
– வாசகி, வேலூர்

அந்த 10,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட்-ஹவர், 12 வோல்ட்டாக ஏற்றும்போது வீணாவது போக 30 மிஞ்சும். வைஃபையோடு சேர்ந்த ஓஎன்டி, அதாவது வீட்டில் வைக்கும் ஃபைபர் கருவி, சுமார் 10 வாட் இழுக்கும் என்றால் மூன்று மணி நேரம். வாங்குமுன் உங்கள் அடாப்டரில் 12 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். யுபிஎஸ் அதற்குக் குறையக் கூடாது. கருவியில் செருகும் முனையின் அளவும் பொருந்த வேண்டும்.

யுபிஎஸ் ஓடியும் நெட் போனால் குறை உங்கள் வீட்டில் இல்லை. தெருவில் உள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆபரேட்டரின் அறையில் இருக்கும் ஓஎல்டிக்குத் தேவை. அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று, கனெக்ஷன் வாங்கும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.