கையில் காசு கொடுத்தால் உழைப்பு குறையுமா?

கேள்வி: மகளிர் உரிமைத்தொகை மாதிரி மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துக்கொண்டே இருந்தால் உழைக்கிற எண்ணமே போய்விடும் என்கிறார் என் மாமனார். வேறு நாடுகளில் இப்படிக் கொடுத்திருக்கிறார்களா? அங்கே என்ன ஆனது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கொடுத்திருக்கிறார்கள் அம்மா, நிறைய நாடுகளில். 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவரோடு சேர்ந்தவர்களும் மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என ஆறு நாடுகளில் ஏழு திட்டங்களை அலசினார்கள். பணம் வந்ததால் ஆட்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று சொல்லச் சான்று கிடைக்கவில்லை. இதை மாமனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

எனக்கு மனதில் நிற்பது கென்யா. அங்கே கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு, மேற்குக் கென்யாவின் ராரியேடா பகுதியில் புல் வேய்ந்த வீடுகளாகப் பார்த்து, எந்த நிபந்தனையும் போடாமல் எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை வழியே பணம் அனுப்பியது. அப்புறம் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் தகரக் கூரை. சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. கூரையைப் படித்ததும் எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கீற்று மாற்ற அப்பா வருஷம் தவறாமல் வட்டிக்கு வாங்குவார். அந்தக் கடன் அடைவதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும். ஒரே ஒரு தடவை மொத்தமாகக் கொஞ்சம் பணம் கிடைத்திருந்தால் ஓடு போட்டிருப்பார். ஏழை வீட்டில் காசு எங்கே ஒழுகுகிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

கேள்வி: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று நிபந்தனை வைத்தால் என்ன?
– ஓர் ஆசிரியர், தருமபுரி

பதில்: மெக்சிகோ 1997-ல் அதைத்தான் செய்தது. பெயர் ப்ரோக்ரேசா. பணம் தாயின் கைக்குப் போகும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பம் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைக்குத் தொகை கூடுதல், ஏனென்றால் அந்த வயதில்தான் அவளை நிறுத்திவிடுவார்கள். பலனும் அங்கேதான் அதிகம் தெரிந்தது. தொடக்கப் பள்ளிக்கு ஏற்கெனவே பெரும்பாலான பிள்ளைகள் போய்க்கொண்டிருந்ததால் அங்கே பெரிய மாற்றமில்லை.

பிரேசிலின் போல்சா ஃபமிலியா 2003-ல் வந்தது. அதிலும் 85 சதவீத வருகை கேட்டார்கள். ஆனால் பிள்ளை வராவிட்டால் உடனே பணத்தை வெட்டுவதில்லை. முதலில் எச்சரிக்கை, அதன் பிறகே படிப்படியாக நிறுத்தம். பிள்ளை வரவில்லை என்றாலே அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம்? என் ஓட்டு பிரேசிலுக்குத்தான். இத்தனைக்கும் பல காலம் அதற்கு ஆன செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய அரை சதவீதம்தான்.

பள்ளிக்கூடம் பத்து கிலோமீட்டர் தள்ளி, பஸ்ஸும் இல்லாத மலைக் கிராமத்தில் நிபந்தனை போட்டால் தண்டனை அந்தத் தாய்க்குத்தான் விழும். உங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் எவை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் சார். அங்கே முதலில் பஸ் விடச் சொல்லுங்கள்.