பதில்: ஸ்கை க்யூ நிறுத்தினோம், பழைய டிஷ்ஷில் சிக்னலே இல்லை

வணக்கம். ஸ்கை க்யூ என்ற சந்தா டிவியை நிறுத்திவிட்டு, அதன் பழைய டிஷ்ஷில் காம்போ ரிசீவரை (ஃப்ரீசாட், ஃப்ரீவியூ இரண்டையும் எடுக்கும் பெட்டி) மாட்டினால் சிக்னலே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். டிஷ் திசை மாறியிருக்காது, அதைத் திருப்பப் போக வேண்டாம். இலவச சாட்டிலைட் டிவியான ஃப்ரீசாட்டும் ஸ்கையும் வானில் ஒரே இடத்தில் இருக்கும் சாட்டிலைட்டுகளிலிருந்துதான் வருகின்றன: கிழக்கே 28.2 டிகிரி. சிக்கல் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியில் (சிக்னலைப் பிடித்து கேபிளில் அனுப்பும் சிறு கருவி). ஸ்கை க்யூவுக்குப் பெரும்பாலும் வைட்பேண்ட் எல்என்பிதான் போடுவார்கள்; அது சிக்னலை அனுப்பும் விதமே வேறு. நீங்கள் வாங்கியிருக்கும் காம்போ ரிசீவர் சாதாரண யுனிவர்சல் எல்என்பியைத்தான் எதிர்பார்க்கிறது. அதனால்தான் கேபிளை மாற்றி மாற்றிச் செருகியும் ஒன்றும் வரவில்லை.

நான்கு அவுட்புட் உள்ள யுனிவர்சல் எல்என்பி ஒன்று வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை. பழையதைக் கழற்றுமுன் அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து, மார்க்கரில் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். புதியதை அதே சாய்வில் வைத்தால் போதும். கேபிளைத் திருகும் இடத்தில் ரப்பர் மூடியை மறக்காதீர்கள். லண்டன் மழைக்கு அதுதான் குடை. ஏணி ஏறப் பயமென்றால் ஆள் வையுங்கள், இதில் வீரம் வேண்டாம்.

ஒன்றைப் பதிவு செய்தபடி இன்னொன்றைப் பார்க்க, இரண்டு கேபிளையும் ரிசீவரில் செருகுங்கள்.

ஆன்டெனா வழியாக வரும் இலவச டிவியான ஃப்ரீவியூவுக்கு டிஷ் உதவாது, கூரை ஆன்டெனா தனியாக வேண்டும். அதில் எச்டி சானல்களுக்கு ரிசீவரில் டிவிபி-டி2 (அவற்றை எடுக்கத் தேவையான ட்யூனர் வகை) இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். சந்தா போனாலும் டிவி லைசென்ஸ் (பிரிட்டனில் டிவி பார்ப்பதற்கான கட்டணம்) கட்டத்தான் வேண்டும். ஸ்கை பெட்டி அவர்களுடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.