முங்கோவில் கூடாரம் போடப் போகிறீர்களா? கேட்டவர்களுக்குப் பதில்

முங்கோ தேசியப் பூங்காவுக்கு ஆறாவது தடவையாகப் போய் வந்தேன் என்று சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு: முங்கோ ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பக்கத்து நகரமான மில்டுராவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பெயர் ஏரிதான், ஆனால் தண்ணீர் வற்றிப் பதினைந்தாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது.

மெல்பர்னிலிருந்து ஒருவர்: அக்கா, எங்களிடம் இருப்பது சாதாரணக் கார்தான், ஃபோர் வீல் டிரைவ் இல்லை. போக முடியுமா?

முடியும், காய்ந்த மண்ணாக இருந்தால். முதல் மூன்று தடவை நான் போனதும் பழைய செடானில்தான். மெல்பர்னிலிருந்து மில்டுரா வரை நல்ல தார் ரோடு, சுமார் 540 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அதற்குப் பிறகுதான் மண் ரோடு. தகரக் கூரையைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஓட்டுவதுபோல வரிவரியாக இருக்கும், பல் கிடுகிடுக்கும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, 60, 70க்கு மேல் போகாமல் இருந்தால் வந்துவிடலாம். முன்னால் வண்டி போனால் அதன் புழுதி அடங்கும் வரை பின்தங்கி நில்லுங்கள். முந்தப் பார்க்காதீர்கள். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவரும் பார்ப்பதில்லை.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத ரோட்டில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும்.

அவரே மறுபடியும்: “காய்ந்த மண்ணாக இருந்தால்” என்றீர்களே, மழை பெய்தால்?

இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காடு. மழை பெய்த மறுநாள் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும்: பத்தடி வைப்பதற்குள் செருப்பில் இரண்டு கிலோ மண் ஏறிவிடும், பிறகு செருப்பு உன்னுடையது இல்லை. முங்கோ ரோட்டின் களிமண்ணும் அதே ஜாதி. அதை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நினைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றாது. ஃபோர் வீல் டிரைவும் இதில் பெரிய சூரன் கிடையாது, கொஞ்ச தூரம் கூடுதலாகப் போய்ச் சிக்கும், அவ்வளவுதான்.

மழை பெய்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் போனால் அபராதம் பலமாக இருக்கும், ரோடும் பாழாகும். மூன்றாவது பயணத்தில் இது எனக்கு நடந்தது. ஞாயிறு காலை கிளம்ப வேண்டும், சனி இரவு ஒரே ஒரு மணி நேரம் மழை. இங்கே கோடையில் நாம் “தூறல்” என்று சொல்லும் அளவுதான். செவ்வாய் மதியம்தான் திறந்தார்கள். கையில் மிச்சமிருந்தது அரை பாக்கெட் ரொட்டி, ஒரு பாட்டில் ஊறுகாய், நல்லவேளையாகத் தண்ணீர். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: திரும்பி வரும் நாளுக்கு அப்புறம் இரண்டு நாள் லீவு கையில் இல்லாமல் முங்கோ போவதில்லை. திங்கட்கிழமை காலை மீட்டிங் இருக்கிறது என்றால் வேறு ஊருக்குப் போங்கள். கிளம்பும் அன்று காலையில் ரோடு நிலவரம் பாருங்கள், முந்தின நாள் பார்த்தது கணக்கில்லை.

சிட்னியிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்: தண்ணீர், பெட்ரோல், கடை எல்லாம் உள்ளே இருக்குமா?

பூங்காவில் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, குடிதண்ணீரை நம்பிப் போகக் கூடாது. நீங்கள் சிட்னியிலிருந்து வருவதால் ஹே, பால்ரனால்டு என்ற ஊர்கள் வழியாக வருவீர்கள், பால்ரனால்டில் டாங்கை நிரப்புங்கள். மில்டுரா வழியாக வருபவர்கள் அங்கே நிரப்பட்டும். மில்டுராவிலிருந்து போக வர 220 கிலோமீட்டர், பால்ரனால்டிலிருந்து அதைவிடக் கூடுதல், உள்ளே சுற்றுப்பாதை ஒரு 70. மண் ரோட்டில் எரிபொருள் கூடவே குடிக்கும், அதனால் மில்டுரா வழியென்றால் 400 கிலோமீட்டருக்கு, பால்ரனால்டு வழியென்றால் இன்னும் கூடுதலாக இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று நான் கணக்குப் போடுவேன். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, முகம் கழுவ, எல்லாம் சேர்த்து. அதோடு மேலே சொன்ன இரண்டு நாளுக்கும் சேர்த்து. முக்கியமான விஷயம்: எல்லாத் தண்ணீரையும் ஒரே கேனில் கொண்டுபோகாதீர்கள். என் இருபது லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்று அந்த வரிவரி ரோட்டில் ஆடி ஆடி மூடிப்பக்கம் விரிசல் விட்டுவிட்டது. போய்ச் சேர்ந்து டிக்கியைத் திறந்தால் மெத்தை, அரிசி, பிள்ளையின் ஸ்வெட்டர் எல்லாம் ஊறிக் கிடந்தன. நாலு சின்ன கேனாகப் பிரித்து, நடுவில் துணி செருகி நிறுத்தி வையுங்கள்.

அவரே: கழிவறை? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம், பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். முகாமிடத்தில் கழிவறை உண்டு, ஃபிளஷ் இல்லாத குழிக் கழிவறை. சுத்தமாகவே இருக்கும். கைகழுவும் திரவம், டார்ச், ஒரு கட்டு காகிதம் உங்களுடையதாக இருக்கட்டும். குளியலுக்கு ஈரத்துண்டுதான் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ராத்திரி போகும்போது ஷூ போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம். பழுப்பு நிறப் பாம்பு அந்தப் பக்கம் உண்டு, நல்ல விஷம்.

அடிலெய்டிலிருந்து: எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும், நிழலுக்கு மரம் தேட வேண்டிய இடம் அது. கூடாரம் அடுப்பாகிவிடும். ஜூன், ஜூலையில் பகல் அருமையாக இருக்கும், ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும். “நம்ம ஊர் கம்பளி போதும்” என்று வந்த நண்பர் ஒருவர் விடியும் வரை காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வசந்த காலத்தில் ஈ மொய்க்கும். முகத்துக்கு வலை போட்டுக்கொண்டால் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வாயைத் திறந்து பேசலாம்.

டாண்டினாங்கிலிருந்து: எந்த முகாமிடம்? விறகு அங்கே பொறுக்கலாமா?

மெயின் கேம்ப், பெலா என்று இரண்டு. மெயின் கேம்ப் பார்வையாளர் மையத்துக்குப் பக்கம், முதல் தடவை போகிறவர்களுக்கு அதுதான் சரி. பெலா சுற்றுப்பாதையில், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். ஆள் குறைவு, அமைதி கூடுதல். இரண்டுக்கும் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, உறுதிச்சீட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய்த் தேட சிக்னல் இருக்காது.

விறகு பொறுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் கட்டைதான் அங்கே பல்லிக்கும் எறும்புக்கும் வீடு. அங்கே பெய்யும் கொஞ்ச மழையில் ஒரு மரம் அவ்வளவு வளர எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று பாருங்கள். மில்டுராவில் வாங்கிக்கொண்டு போங்கள், அதுவும் அன்றைக்குத் தீத்தடை இல்லையென்றால் மட்டும். நான் விறகை நம்புவதே இல்லை. முதல் நாளுக்குப் புளியோதரை, அது எஸ்கிகூட (ஐஸ் பெட்டி) இல்லாமல் தாங்கும். அடுத்த நாளுக்கு சிறிய காஸ் அடுப்பில் ரவை உப்புமா. எண்ணெயில் பொரிக்கும் ஆசையெல்லாம் வேண்டாம், எண்ணெய்ப் பாத்திரம் கழுவும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி: படத்தில் பார்த்தால் நம்ம தேரிக்காடு மாதிரியே இருக்கிறதே அக்கா?

தம்பி, நல்ல கண் உனக்கு. தேரியும் காற்று கொண்டுவந்து குவித்த செம்மண்தான், அங்கேயும் கற்காலத்துச் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் முங்கோவின் கதை ஏரியில் தொடங்குகிறது. வில்லாண்ட்ரா ஓடையிலிருந்து நிரம்பிய ஏரிகளின் வரிசையில் இது ஒன்று. மேற்கிலிருந்து ஓயாமல் அடித்த காற்று, கரையோர மணலையும், ஏரி வற்றிய காலங்களில் அடியிலிருந்த களியையும் வாரிக் கிழக்குக் கரையில் கொட்டியது. பிறை வடிவத்தில் ஒரு நீண்ட மேடு எழுந்தது. அதைத்தான் ‘சீனச் சுவர்’ என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த சீனர்களை ஒட்டி வந்த பெயர் என்று சொல்வார்கள். ஆடும் முயலும் செடிகளை மேய்ந்து தீர்த்த பிறகு மேட்டின் தோல் கிழிந்து, மழையும் காற்றும் அரித்து, இப்போதிருக்கும் கோபுர வடிவங்கள் வெளியே வந்தன. அடியில் சிவப்பு, மேலே வெளுப்பு, பழுப்பு. ஒவ்வொரு நிறமும் ஒரு காலம்.

அந்த அரிப்பில்தான் மனிதர்களும் வெளியே வந்தார்கள். 1968இல் ஜிம் பௌலர் என்ற நிலவியலாளர் எரிந்த எலும்புத் துண்டுகளைப் பார்த்தார். ஒரு பெண்ணைத் தகனம் செய்து, எலும்பை நொறுக்கி, மறுபடி எரித்துப் புதைத்திருக்கிறார்கள். சுமார் 40,000 ஆண்டுக்கு முன். உலகில் அறியப்பட்ட தகனங்களில் இதுவே மிகப் பழையது. 1974இல் அதே பௌலர் ஓர் ஆணைக் கண்டார். மல்லாக்கக் கிடத்தி, கைகளைக் கோத்து வைத்து, மேலே செங்காவி தூவியிருந்தது. காவிக்கல் அந்த வட்டாரத்திலேயே கிடையாது, யாரோ எங்கிருந்தோ சுமந்து வந்திருக்கிறார்கள். 1981இல் இந்த ஏரிப் பகுதி முழுவதும் உலகப் பாரம்பரிய இடமானது.

பிரிஸ்பேனிலிருந்து: சீனச் சுவரில் ஏறிப் படம் எடுக்கலாமா? நடைமேடையோடு நிற்கச் சொல்கிறார்களாமே, ஏன்?

தனியாக ஏறக் கூடாது. நடைமேடை வரை நாமாகப் போகலாம், அதற்கு அப்பால் வழிகாட்டியோடு மட்டும். பள்ளி விடுமுறைகளில் பழங்குடி ரேஞ்சர்களே அழைத்துப்போவார்கள், தனியார் சுற்றுலாவும் உண்டு. முதல் தடவை எனக்கும் எரிச்சல்தான், இவ்வளவு தூரம் வந்து பலகைமேல் நிற்கவா என்று. பிறகு ரேஞ்சரோடு போனேன். அவர் குனிந்து, தொடாமல், விரலால் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினார். என் கண்ணுக்கு வெறும் அழுக்கு. அது ஓர் அடுப்பு. சுற்றிலும் மீனெலும்பு, சிப்பித் துண்டு. நான் அதைத் தாண்டி ஏற்கெனவே ஓர் அடி வைத்திருந்தேன். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் சாப்பாட்டில் பிடியுங்கள், வழிகாட்டியில் வேண்டாம்.

இன்னொன்று. இது பாக்கன்ட்ஜி, முத்தி முத்தி, ஙியாம்பா என்ற மூன்று மக்களின் நிலம். (ங-வில் தொடங்கும் பெயர். நமக்கு அந்த எழுத்து கையிலேயே இருக்கிறது, ஆங்கிலத்தில் பேசுபவர்கள்தான் திணறுவார்கள்.) அந்தப் பெண்ணின் எலும்புகள் 1992இல்தான் திரும்பி வந்தன. ஆணுக்கு 2017 வரை ஆயிற்று, சவ ஊர்தியில் வைத்து ஊர் ஊராக மரியாதையோடு கொண்டுவந்தார்கள். 2022இல் மறுபடி மண்ணில் வைத்தார்கள், எப்படிச் செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்தும் இருந்தது. ஆகவே அது யாரோ ஒருவருடைய சுடுகாடு, இடுகாடு. நம் ஊரில் அப்படி ஓர் இடத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுப்போமா? கல் ஒன்றுகூட எடுத்துவராதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

அதே சிட்னித் தாயின் மகன், பத்து வயது: அங்கே எனக்கு என்ன இருக்கிறது?

கண்ணா, உனக்குக் காலடித் தடம் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் ஈரக் களிமண்ணில் பெரியவர்களும் குழந்தைகளும் நடந்த, ஓடிய தடம், நானூற்றுக்கும் மேல். 2003இல் மேரி பாப்பின் ஜூனியர் என்ற முத்தி முத்திப் பெண் முதலில் கண்டார். அசலை மணல் போட்டு மூடிப் பாதுகாத்துவிட்டார்கள், பார்வையாளர் மையத்துக்கு வெளியே அதன் நகல் இருக்கிறது. அதில் ஒரு வரிசையில் வலது கால் மட்டும்தான். பாலைவனத்திலிருந்து வந்த பின்டுபி இனத் தடயம் பார்ப்பவர்கள், ஒற்றைக் காலோடு ஒருவர் தத்திப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள். நீயும் தத்திப் பார், எவ்வளவு தூரம் முடிகிறதென்று. பக்கத்தில் 1869இல் கட்டிய ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை உண்டு, கங்காரு உண்டு, ஈமு உண்டு, முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும் ஷிங்கிள்பேக் பல்லியும் உண்டு. எதற்கும் தீனி போடாதே.

கேன்பெராவிலிருந்து: நாய், ட்ரோன்?

நாய் கூடாது. ட்ரோன் அனுமதியில்லாமல் கூடாது.

ஜீலாங்கிலிருந்து: போன் வேலை செய்யாவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது?

பூங்காவில் பெரும்பாலான இடத்தில் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று, அல்லது பிஎல்பி என்னும் கைக்கடக்கமான அவசரக் கருவி வைத்துக்கொள்ளுங்கள். பிஎல்பியை வாங்கியதும் ஆம்சாவில் (ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்ய வேண்டும், அது இலவசம். அதைவிட மலிவான ஏற்பாடும் ஒன்று உண்டு: வீட்டில் ஒருவரிடம் “இந்த நாள், இந்த மணிக்குள் கூப்பிடாவிட்டால் தேடு” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், மழைக்கான இரண்டு நாளையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் வீணாகக் கலவரமாகும். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. தேடுபவர்களுக்கு வண்டிதான் கண்ணில் படும்.

மெல்பர்னிலிருந்து ஒரு பெரியவர்: பிள்ளை, என்ர அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. கூட்டிக்கொண்டு போகலாமோ?

கூட்டிக்கொண்டு போங்கோ ஐயா. கூடாரத்தில் தரையில் படுக்க வைக்காமல், பூங்காவில் இருக்கும், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் தங்கிய பழைய விடுதியில் அறை எடுங்கள், கட்டில் இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே பதியுங்கள். சீனச் சுவரின் நடைமேடை பலகைப் பாதை, அவரால் மெதுவாக வர முடியும். மேடு கிழக்குக் கரையில் இருப்பதால் சாயங்கால வெயில் நேரே அதன் முகத்தில் விழும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், மடக்கு நாற்காலி ஒன்று போட்டு, கால்மேல் கம்பளியைப் போர்த்தி உட்கார வையுங்கள். பிளாஸ்கில் தேத்தண்ணீர் இருக்கட்டும். நிறம் மாறி முடிந்ததும் உடனே கிளம்பிவிடுங்கள், இருட்டில் கங்காரு குறுக்கே பாயும். திரும்பும் வழியில் 30, 40க்கு மேல் மிதிக்க வேண்டாம்.