லயத்து வயரை எரித்து விற்ற தம்பிக்குப் போலீஸ் அழைப்பு: என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் பழைய லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைக்கும் வேலை எடுத்த கான்ட்ராக்டரிடம் என் தம்பி வேலை செய்தான். கடைசி மாதச் சம்பளத்தில் பாதிக்குப் பதிலாக 12 வீட்டு வயரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், கான்ட்ராக்டரும் தோட்டத்து மண்டோரும் (மேற்பார்வையாளரும்). எல்லாம் வாய்ப்பேச்சுதான். சுமார் 80 கிலோ வயர். வீட்டுக்குப் பின்னால் எரித்து, கிடைத்த 31 கிலோ செம்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டான். கடைக்காரர் ஐசியை (அடையாள அட்டையை) படம் எடுத்துக்கொண்டார். இப்போது அந்தத் தோட்டத்தில் கேபிள் திருடு போனதாகப் புகார். செம்பைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. தம்பியை பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) வரச் சொல்கிறார்கள். மண்டோர் போனை எடுப்பதில்லை. தம்பிக்கு ஜெயில் கிடைக்குமா?

பதில்: உங்கள் தம்பி சொல்வது உண்மையென்றால் திருட்டு வழக்கில் அவருக்கு நல்ல எதிர்வாதம் இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க உதவியிருக்கக்கூடிய பொருளை அவரே எரித்துவிட்டார். இனி செய்வதை நிதானமாகச் செய்ய வேண்டும்.

முதலில் சட்டம். குற்றவியல் சட்டத்தின் 379ஆம் பிரிவு திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் 411ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை. இவை இரண்டுக்கும் ஆதாரம் போதவில்லை என்றால் போலீஸ் அடிக்கடி எடுப்பது 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் 29ஆம் பிரிவு. சந்தேகத்துக்குரிய பொருளை வைத்திருந்தவர் அது எப்படிக் கையில் வந்தது என்று மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தியாக விளக்க வேண்டும். முடியாவிட்டால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவும் இதே திசையில்தான் போகிறது. திருடு போன பொருள் சீக்கிரத்திலேயே ஒருவர் கையில் இருந்து, அவரால் காரணம் சொல்ல முடியவில்லை என்றால், அவரே திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் கருதலாம்.

ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்தச் செம்பு எங்கிருந்து வந்தது?

திருட்டை வரையறுக்கும் 378ஆம் பிரிவின் ஐந்தாவது விளக்கம் உங்கள் பக்கம் பேசுகிறது. பொருளை வைத்திருப்பவர் தரும் சம்மதம் வெளிப்படையாக இருக்கலாம், மறைமுகமாகவும் இருக்கலாம். அதிகாரம் பெற்ற வேறொருவரும் தரலாம். மண்டோருக்கு உண்மையில் அந்த அதிகாரம் இருந்ததா என்பது வேறு விஷயம். இல்லாவிட்டாலும், இருக்கிறது என்று தம்பி நேர்மையாக நம்பியிருந்தால் அங்கே திருட்டு நோக்கம் இல்லை. லயத்து வயரிங் குடியிருந்தவருக்குச் சொந்தமில்லை, தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். உடைப்பு ஒப்பந்தத்தில் கழிவுப் பொருள் யாருக்கு என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அது கான்ட்ராக்டருக்கு என்று இருந்தால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அதனால் மண்டோரைத் துரத்துவதைவிட, அந்த வரி உள்ள ஒப்பந்தப் பக்கத்தின் நகலையும் ஒரு கடிதத்தையும் கான்ட்ராக்டரிடம் கேட்பது முக்கியம்.

மண்டோர் தன் வேலைக்குப் பயந்து ஒதுங்கியிருக்கலாம். அவருக்கு மரியாதையாக ஒரே ஒரு வாட்ஸ்அப் போதும்: “அண்ணே, போன மாதம் 12 வீட்டு வயரை எடுத்துக்கச் சொன்னீங்க, அதைப் பற்றி பாலாயில கேக்கிறாங்க.” இப்படிச் சொல்லுங்கள், அப்படிச் சொல்லுங்கள் என்று அவரை நெருக்க வேண்டாம், அது சாட்சியைக் கலைப்பதாகிவிடும். பழைய குரல் செய்திகள், வேலையிடப் படங்கள், உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள், கடையில் கொடுத்த எடைச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

இனி எரித்த விஷயம். லயத்து வயரிங் பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர். அதைவிடப் பழைய வீடுகளில் ரப்பர் உறை போட்ட, வெள்ளீயம் பூசிய செம்பு கிடைக்கும். உறையில் தயாரிப்பாளர் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். தொலைபேசிக் கேபிளோ, மெல்லிய வண்ண வயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும் கட்டு. மின்சார நிறுவனமான தெனாகாவின் விநியோகக் கேபிள்களில் பெரும்பகுதி அலுமினியம். உறை இருந்தால் பத்து நிமிடத்தில் வேறுபாட்டைக் காட்டலாம். எரித்தபின் எல்லாம் ஒரே கறுப்புக் கம்பிதான். திருட்டுக் கேபிளை எரிப்பவர்கள் அடையாளத்தை அழிக்கவே அப்படிச் செய்கிறார்கள் என்பதால் போலீசின் சந்தேகமும் அங்கேயே தொடங்குகிறது. விலையிலும் நட்டம்: எரித்த செம்பு ஆக்ஸைடு ஏறி நொறுங்கும், கடையில் பளபளப்பான முதல்தரச் செம்பின் விலை கிடைக்காது. உறையிலுள்ள பிவிசி பிளாஸ்டிக் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வரும். செம்பு இருப்பதால் டையாக்சின் இன்னும் கூடும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்கிறது. அபராதம் பெருந்தொகை, சிறையும் 5 ஆண்டு வரை போகலாம்.

உறை போனாலும் கணக்கு மிச்சமிருக்கிறது. 1.5 வயரின் ஒரு கம்பியில் மீட்டருக்கு ஏறக்குறைய 13 கிராம் செம்பு, இரட்டை வயரில் 27 கிராம். ஒரு லயத்து வீட்டுக்கு 100 மீட்டர் என்று வைத்தால் 2.7 கிலோ, 12 வீட்டுக்கு 32 கிலோ. கடை எடை 31 கிலோ. இடித்த வீடுகளின் எண்ணிக்கையை கான்ட்ராக்டரின் கடிதம் உறுதிசெய்தால், இந்தப் பொருத்தம் தம்பியின் சொல்லுக்குப் பலம் தரும். வீட்டு மூலைகளில் எரிக்காத துண்டு ஒன்றிரண்டு கிடந்தால் அப்படியே எடுத்து வைத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

பாலாய்க்குக் கட்டாயம் போக வேண்டும், ஆனால் தனியாகப் போக வேண்டாம். சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, கைது செய்யப் போகிறார்களா என்று கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் வாக்குமூலம் எடுக்கும்போது தெரிந்ததைச் சொல்ல வேண்டும்; ஆனால் தன்மீதே குற்றம் வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். எரிப்பைப் பற்றிய கேள்வி அந்த வகை. பொய் சொல்லவே கூடாது, “வழக்கறிஞரைப் பார்த்தபின் சொல்கிறேன்” என்றால் போதும். மலாயில் எழுதியதைத் தமிழில் விளக்கச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். கைதானால் வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அதே சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இந்தக் குற்றங்களுக்கு முதல் முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள், அதற்கு மேல் தடுப்புக்காவல் இல்லை. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை அழையுங்கள். கைதிலும் தடுப்புக்காவல் விசாரணையிலும் குடிமக்களுக்கு உதவுகிறார்கள். செம்பைத் திரும்பப் பெற, விசாரணை முடிந்தபின் அதே நடைமுறைச் சட்டத்தின் 413ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பறிமுதல் பட்டியலின் நகல் கையில் இருக்கட்டும்.

கடைக்காரர் ஐசியைப் படம் எடுத்தது தம்பிக்கு எதிரான செயல் அல்ல. 1946ஆம் ஆண்டு பழைய பொருள் வியாபாரிகள் சட்டப்படி அவருக்கு உரிமம் வேண்டும், யாரிடம் என்ன வாங்கினார் என்று பதிவேடும் வைக்க வேண்டும். சொந்த ஐசியைக் கொடுத்து விற்றது தம்பி ஒளிக்கவில்லை என்பதற்கு ஓர் ஆதாரமாகும். அக்கம்பக்கத்தில் வயர் வாங்கி விற்பதையே தொழிலாக்கினால் தம்பிக்கும் அந்த உரிமம் தேவைப்படும்.

அடுத்த முறை இப்படி வேலை வந்தால்: தோட்ட அலுவலகத்தின் முத்திரையோடு, எத்தனை வீடு, என்ன வயர், எத்தனை கிலோ, யார் எடுத்துப் போகிறார் என்று ஒரு கடிதம். பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் படம். மீட்டரும் அதற்கு வரும் கேபிளும் தெனாகாவுடையவை, அவற்றைத் தொடவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, மெயின் சுவிட்சுக்கு உள்பக்கம் மட்டும். பகலில் ஏற்றி, உறையோடு விற்று, எடையும் வகையும் எழுதிய ரசீது வாங்க வேண்டும். தடித்த கேபிளைக் கத்தியால் உரிக்கலாம், ஆனால் ஒவ்வொரு வகையிலும் அரை மீட்டர் துண்டை உரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. வயரைக் கொடுத்ததால் சம்பளக் கடன் தீர்ந்துவிடாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளம் பணமாகத்தான், பொதுவாக வங்கிக் கணக்கு வழியாகத்தான் தர வேண்டும். அந்தப் பாதிச் சம்பளத்துக்குத் தொழிலாளர் இலாகாவில் தம்பி தனியாகப் புகார் கொடுக்கலாம். “சம்பளத்துக்குப் பதில் வயர்” என்று கான்ட்ராக்டர் அங்கே ஒப்புக்கொண்டால், அந்தப் பதிவு போலீஸ் விசாரணையிலும் உதவும்.