ஒட்டுண்ணிக் குளவிகளும் ஒளிப்படங்களும்: கேள்வி பதில்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, தென்னை விவசாயி): ஐயா, இரவில் விளக்கடிக்கு வந்த செம்மஞ்சள் நிறக் குளவியின் படத்தை அனுப்பியுள்ளேன். இது எந்தச் சிற்றினம்?

பதில்: பிற பூச்சிகளின் உடலிலோ முட்டையிலோ தம் குஞ்சுகளை வளர்ப்பவை ஒட்டுண்ணிக் குளவிகள். இது அவற்றில் இக்நியூமோனிடே குடும்பம் என்பதுவரை தயங்காமல் சொல்லலாம். மெலிந்த உடலும், உச்சந்தலையில் பெரிய தனிக்கண்களும் (கூட்டுக்கண்கள் அல்லாத எளிய கண்கள்), இரவு நடமாட்டமும் எனிகோஸ்பைலஸ், நெட்டேலியா ஆகிய இரு பேரினங்களுக்கும் பொதுவானவை. ஆனால் இரண்டும் வெவ்வேறு துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை. முன்சிறகில் நரம்புகளால் சூழப்பட்ட சிறிய மூடிய அறை ஒன்று இருந்தால் பெரும்பாலும் நெட்டேலியா. அது இல்லாமல், மயிரற்ற திட்டும் அதற்குள் கடினமான சிறு துணுக்குகளும் தெரிந்தால் எனிகோஸ்பைலஸ். தங்கள் படத்தில் சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் இரண்டையும் சரிபார்க்க இயலவில்லை. இரண்டுமே கொட்டக்கூடியவை, கையால் பிடிக்க வேண்டாம்.

கேள்வி (மீனாட்சிபுரம், ஆசிரியை): இன்னொரு ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பமான பிரக்கோனிடேயை இக்நியூமோனிடேயிலிருந்து பிரித்தறிவது எப்படி?

பதில்: முன்சிறகில் இரண்டாவது பின்னோக்கு நரம்பு (சிறகின் குறுக்கே ஓடும் ஒரு சிறு நரம்பு) இக்நியூமோனிடேயில் அநேகமாக இருக்கும், பிரக்கோனிடேயில் அநேகமாக இருக்காது. விதிவிலக்குகள் இருபுறமும் உண்டு.

கேள்வி (ஆனைமலை, வேளாண் மாணவர்): மேக்ரோ லென்ஸில், பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியை மிகத் தெளிவாக எடுத்திருக்கிறேன். டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று குறித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத இக்குளவிகளில் சிற்றினத்தைப் பிரிக்கும் முக்கிய அடையாளம் ஆணின் இனப்பெருக்க உறுப்பில் இருக்கிறது என்பதை சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1971இல் வெளியான ஆய்வில் விளக்கினார்கள். அதைக் காண, ஆண் குளவியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும், உயிருள்ள குளவியின் படத்தில் அது அகப்படாது. ஒட்டுண்ணிகளைத் தோட்டத்தில் விடுவதற்காகத் தரும் அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயர், வளர்ப்புக்கூடத்தில் எதைப் பெருக்கினார்கள் என்பதைச் சொல்வது. தோட்டத்தில் கண்ட குளவிக்கு அதை அப்படியே சூட்டுவது முறையல்ல.

கேள்வி (கோபாலபுரம்): தென்னங்கருந்தலைப்புழுவின்மேல் ஒரு சிறு கரிய குளவி அமர்ந்திருந்தது. படம் மங்கல்தான். ஏதேனும் சொல்ல முடியுமா?

பதில்: முந்தைய தெளிவான படத்தைவிட இந்த மங்கலான படமே அதிகம் சொல்கிறது, ஏனெனில் விருந்தோம்பி, அதாவது குளவி தாக்கும் புழு, உடன் இருக்கிறது. புழுவின் உடல்மேல் முட்டைகள் தெரிகின்றன. குளவியும் விலகாமல் காவல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். புழுவைச் செயலிழக்கச் செய்து, அதன் மேற்புறத்தில் முட்டையிட்டு, தன் குஞ்சுப் புழுக்களைக் காப்பது கோனியோசஸ் நெஃபாண்டிடிஸின் வழக்கம். அதே புழுவைத் தாக்கும் பிரேக்கான் பிரெவிகார்னிஸ் முட்டையிட்டபின் அவ்வாறு காவல் இருப்பதில்லை. ஆகவே முதலாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஓலைத் துண்டைப் புழுவோடு காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்து, வெளிவரும் குளவிகளை ஆல்கஹாலில் இட்டு, இடம், நாள், புழுவின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

கேள்வி (பொள்ளாச்சி): கைபேசிச் செயலி தரும் பெயரை நம்பலாமா?

பதில்: குடும்பப் பெயரைத் தொடக்கமாகக் கொள்ளலாம். சிற்றினப் பெயரை, அதைச் சரிபார்த்தவர் எந்த அடையாளத்தைக் கண்டார் என்று சொல்லாதவரை, நான் ஏற்பதில்லை.

கேள்வி (சித்தூர்): படத்தைக் கொண்டே உறுதியாகச் சொல்லக்கூடிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்றுமே இல்லையா?

பதில்: குடும்ப அளவில் பல உண்டு. வீட்டுச் சன்னலோரத்தில், கொடிக்கம்பத்துத் துணிபோல் மேலும் கீழும் ஆடும் சின்னஞ்சிறு வயிற்றுடன் நடக்கும் கரிய குளவி ஈவானிடே குடும்பம். கரப்பானின் முட்டைப்பையில் முட்டையிடுவது. சிறகை நீளவாக்கில் மடித்து, முட்டையிடு குழலை முதுகின்மேல் வளைத்து வைத்திருப்பது லூகோஸ்பிடே. இவற்றின் சிற்றினம் வேண்டுமெனில், பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் விரித்த சிறகோடும் மூன்று படங்கள் அனுப்புங்கள், அருகில் அளவுகோலையும் வைத்து.