நையாண்டிச் சிற்றிதழ்கள் அரசியல் நெருக்கடியில் ஏன் சட்டென்று நின்றுவிடுகின்றன?

சிற்றிதழ் என்றால் பெரும்பாலும் சில நூறு பிரதி, சம்பளமில்லாத ஆசிரியர், 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று ஒரு வரி. சென்னையில்தான் வரும் என்றில்லை. 1980களில் கவிஞர் பிரம்மராஜன் நம்ம ஊட்டியிலிருந்துதான் 'மீட்சி'யை நடத்தினார்.

நையாண்டி சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆனால் எழுதுபவரை நேரே தொட வேண்டிய அவசியமே பல சமயம் வராது. 2024 வரை நடப்பில் இருந்த 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் இதழில் இருந்தாக வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துப் பிழைக்கிற அச்சகக்காரர், எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிடுவார். ஊட்டியிலிருந்து இறங்கும் கேரட் லாரிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டாம், மேட்டுப்பாளையம் போகும் மலைப்பாதையில் பர்லியாறில் ரோட்டை மறித்தால் போதும், அந்த மாதிரி. லாரிக்காவது கோத்தகிரி வழியாக மாற்றுப்பாதை இருக்கிறது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் முன்தணிக்கையும் சேர்ந்தது. அதிகாரி படித்து முடிப்பதற்குள் கிண்டல் ஆறிப்போகும்.

அதற்காக, நின்ற இதழெல்லாம் தடை செய்யப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள்: 1948இல் தொடங்கிய கேலிச்சித்திர வார இதழான 'சங்கர்ஸ் வீக்லி'யை 1975 ஆகஸ்டில் மூடியவர் அதன் ஆசிரியர் சங்கரேதான்; சந்தா வராமல் நின்ற சிற்றிதழ்களும் ஏராளம்.